கிழியாத வலை

“படம் பூரா கிரேயான். இந்த மிதவைங்களுக்கு மட்டும் எதுக்கு வாட்டர் கலர்? மெழுகு மேல ஒட்டவே இல்ல பாருங்க. இல்லேன்னா முதல் பரிசு இதுக்குத்தான்.”

நடுவர்கள் இருவர் பேசிக்கொண்டே நகர்ந்தது கலைமணியின் காதில் விழுந்தது. தன் மகள் வினோதினியின் படத்தைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆசையாகக் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

சிதம்பரத்தில் அந்த மண்டபச் சுவர் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் படங்கள். ‘கடலைக் காப்போம்: நான் கண்ணால் கண்டது’ என்று தலைப்பு. கடலூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் பார்க்க வந்திருந்தது.

மற்ற பிள்ளைகள் சிரிக்கிற மீனையும் துள்ளுகிற டால்பினையும் வரைந்திருந்தார்கள். வினோதினி வரைந்திருந்தது ஒரு பங்குனி ஆமை. முன்கால் ஒன்று வெட்டுப்பட்டு, மணலில் ரத்தத்தோடு கிடந்தது. பக்கத்தில் நீல வலை. கீழே ஒரு வரி: ‘வலை கிழியவில்லை.’

கலைமணி குனிந்து வலையின் மிதவைகளைப் பார்த்தாள்.

சுனாமிக்குப் பிறகு குப்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நீல வலைதான் கொடுத்தார்கள். யார் வலை என்று மிதவையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தேய்ந்த செருப்பை அறுத்து மிதவையாகக் கட்டுகிறவர் அவள் புருஷன் கோவிந்தசாமி ஒருவர்தான்.

படத்தில் இருந்தவை பழுப்புச் செருப்புத் துண்டுகள்.

“இன்னா மச்சான்!” கலைமணியின் அண்ணன் குப்பன் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். “வலை கிழியக் கூடாதுன்னு ஆமை காலை வெட்டிட்டு ஒண்ணும் தெரியாத புள்ள மாதிரி நிக்கிற? அது சாமிய்யா!”

கோவிந்தசாமி படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“புதுச்சேரி போயி நான் மஞ்சள் மிதவை வாங்கியாந்தப்ப இன்னா சொன்ன? எனக்கு செருப்பே போதும்னியே. அதுவே உன்னைக் காட்டிக் குடுத்துச்சு பாத்தியா?”

வேனில் வந்த ஜனம் சிரித்தது. பக்கத்து வீட்டு அமிர்தம் மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்கற விஷயமா இது? ஆமையை வெட்டுன வூட்ல இனிமே எவ கை நனைப்பா?”

“அதானே?” என்றார் குப்பன். “அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணம். மச்சான், நீ பந்தல்ல முன்னால வந்து நிக்காத. சம்பந்தி வூட்டுக்காரங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க.”

“சரி மச்சான்” என்றார் கோவிந்தசாமி.

கலைமணி மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“பெத்த அப்பனை சந்தி சிரிக்க வெக்கத்தான் உன்னைப் படிக்க வெக்கிறமா? போயி அதைக் கிழிச்சுப் போடு!”

“மாட்டேன்.”

“வாயை ஒடைப்பேன்.”

“ஒடைச்சுக்க. ஆமை கெடந்ததை நான் பாத்தேன். எடுக்க மாட்டேன்.”

“உங்கப்பா வெட்டுனதைப் பாத்தியாடி?”

வினோதினி அப்பாவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசு கொடுக்க வந்திருந்த வனத்துறை அதிகாரி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அங்கே நின்றுவிட்டார்.

“நெஜமாவே நடந்ததாம்மா?”

“ஆமா சார்.”

“இது யார் வலை?”

வினோதினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோவிந்தசாமி முன்னால் வந்தார்.

“எங்க வலைதான் சார்.”

“வெட்டுனது யாரு?”

“எங்க வலைதான் சார்” என்றார் மறுபடியும்.

“ஜெயில் வரைக்கும் போற கேஸுய்யா இது. திங்கக்கிழமை ஆபீசுக்கு வா.”

“வர்றேன் சார்.”

குப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது. கலைமணி புருஷனின் சட்டையைப் பிடித்தாள். “இன்னாய்யா சொல்ற? நெஜமாவே நீயா?”

வினோதினியால் அதற்கு மேல் முடியவில்லை. அழுதுகொண்டே கத்தினாள்.

“ஆமைய எடுத்துடுன்னு கெஞ்சுனாரும்மா. நான் முடியாதுன்னுட்டேன். அப்படின்னா மிதவைய மட்டும் நம்மளுதா மாத்திடுன்னாரு. வரைஞ்சு முடிச்சதுக்கப்புறம் மாத்த சொன்னாரும்மா!”

“வினோ, சும்மா இரு” என்றார் கோவிந்தசாமி.

“மாத்துனியா? முன்னாடி யாரு மிதவைடி இருந்துச்சு?”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது போலிருந்தது.

அதிகாரி கோவிந்தசாமியைப் பார்த்தார். கோவிந்தசாமி தரையைப் பார்த்தார்.

குப்பன் பக்கத்து மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியை நனைத்தார். யாரையும் பார்க்காமல் படத்தின் அருகே போய், ஒரு செருப்புத் துண்டின் மேல் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தார்.

பழுப்பு கரைந்து துண்டில் இறங்கியது. அடியில் மஞ்சள் தெரிந்தது.

குப்பன் துண்டை மடித்து, சுத்தமான பக்கத்தை மறுபடி நனைத்துக்கொண்டு, அடுத்த மிதவையைத் தேய்க்க ஆரம்பித்தார்.