தருக்கம் இருந்த பக்கம்

நூலகத் தட்டில் மூன்று அகராதிகள் ஒட்டி நின்றன. நடுவிலிருந்த தமிழ் அகராதி விசும்பிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, அகராதிக்கே பேச்சு வரவில்லையா?” என்று சீண்டியது ஆங்கிலம்-தமிழ் அகராதி.

“தருக்கம் என்ற சொல் இருந்த பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது, அண்ணா. அதைத் தேடித்தான் இன்று ஒரு மாணவி வருகிறாள். கிடைக்காவிட்டால் என்னைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுவார்கள்.”

“இரு, என்னிடம் பார்க்கிறேன். லாஜிக்... இதற்கு எதிரே தருக்கம், ஏரணம் என்று இரண்டு போட்டிருக்கிறதே!”

“லாஜிக்கை உருதுவில் மன்திக் என்போம். அதற்கு எதிரேயும் அதே இரண்டுதான்” என்றது உருது-தமிழ் அகராதி. “ஏரணமும் உன் சொல்தானே, தம்பி? உள்ளே தேடு.”

தமிழ் அகராதி அவசரமாகத் தேடியது. ஏகாரத்தில் ஏரணம் பத்திரமாக இருந்தது.

மாணவி கையில் எடுத்ததும் அந்தப் பக்கமே விரிந்தது. “ஏரணம்: தருக்கம், சரியாகச் சிந்திக்கும் முறை” என்று படித்து எழுதிக்கொண்டாள். புத்தகத்தைப் பழையபடி நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

தமிழ் அகராதி மெல்லச் சொன்னது: “கரையான் உங்களிடம் வந்தாலும் பயப்படாதீர்கள். அண்ணா, உங்கள் மொழியிலிருந்து வந்த பஸ் என்னிடம் இருக்கிறது. பாய், உங்கள் வக்கீலும் என்னிடம்தான் இருக்கிறார்.”