இமைக்குள் ஓங்கிய கை

இந்த வெளிச்சம் ஏன் இன்னும் போகவில்லை? கண்ணை இறுக மூடினாலும் அது உள்ளேயே நிற்கிறது. பட்டறையில் வெல்டிங் அணைந்துவிட்டது. பற்றவைத்துக்கொண்டிருந்த கொழுந்தன், நிறுத்தி வைத்த இரும்புக் கேட்டுக்கு முன்னால் மண்டை பிளந்து கிடக்கிறான். "தனியா பட்டறை போடுவியாடா, பெரிய மொதலாளி!" என்று கத்தியபடி அவள் கணவன் கம்பியை ஓங்கியது அந்த வெளிச்சத்துக்கு எதிரேதான். அப்போது கறுப்பாகத் தெரிந்தவன் இப்போது இமைக்குள் வெள்ளையாக, ஓங்கிய கையோடு மிதக்கிறான். கண்ணைத் திறந்தால் சுவரில் நிற்கிறான். தரையைப் பார்த்தால், பரவும் ரத்தத்தின் மேல் நிற்கிறான். எதைப் பார்த்தாலும் பார்க்காததுபோல் இருந்து பழகியவள் அவள். கண் அப்படிப் பழகவில்லை. கம்பி சிமெண்டுத் தரையில் உருண்டு ஓய்கிறது. கணவன் அவள் முழங்கையை நெரிக்கிறான். அவன் விரல்கள் பிசுபிசுக்கின்றன. "கேட்டு சரிஞ்சு விழுந்துச்சுன்னு சொல்லு. அந்த வெளிச்சத்துல உனக்கு என்னடி தெரிஞ்சிருக்கும்?" பக்கத்துக் கடைக்காரர் பாதி இறங்கிய ஷட்டரைத் தூக்கிக் குனிகிறார். "என்னம்மா ஆச்சு, ஏதாவது விழுந்துச்சா?" அவள் கையை விடுவித்துக்கொண்டு, மண்டியிட்டு, கொழுந்தனின் தலையை உள்ளங்கையில் ஏந்துகிறாள். "ஒண்ணும் விழலண்ணே," என்கிறாள் மெல்ல. "கேட்டு நின்ன இடத்துலயேதான் நிக்குது."