மூணு மணி லோடு

"பேச்சிராஜ் சீட்டைக் கிழிச்சிரலாமா வேண்டாமான்னு நீதாம்மா பாத்துச் சொல்லணும்" என்றார் மகாராஜன் அண்ணாச்சி.

சங்கரன்கோவிலில் அவருக்குச் சேலை மொத்த வியாபாரம். தறிகளில் இருந்து வரும் சரக்கின் விவரம் தினமும் மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறி முடிய அரை மணி நேரமாகும். அதுவரை பில்லும் கிடையாது, பேக்கிங்கும் கிடையாது. புரோகிராம் எழுதிய பேச்சிராஜுக்கு வேலை தெரியவில்லை என்று அண்ணாச்சி முடிவே கட்டிவிட்டார்.

மீரா பீவி திருநெல்வேலிக்காரி. திணறுகிற டேட்டாபேஸ்களை வேகப்படுத்துவதுதான் அவளுக்குத் தொழில். உட்கார்ந்து திறந்து பார்த்தவளுக்கு ஆச்சரியம்.

எந்தப் பழைய பில்லைத் தேடினாலும் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கைதேர்ந்தவன் வேலை.

சரக்கு விவரத்தை ஏற்றுகிற அந்த மூணு மணி லோடு மட்டும் படு மோசம். லாரியில் வந்த சேலைகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் குடோனைப் பூட்டித் திறக்கிற மாதிரி எழுதியிருந்தான். கட்டுக் கட்டாக ஏற்றினால் ஒரு நிமிஷ வேலை. அதையும் கடை பூட்டிய பிறகு ஓட்டாமல், பட்டப்பகலில் ஓட்டுகிறான்.

தெரியாமல் செய்கிறவன் இல்லை இவன். பின்னே ஏன்? மீராவுக்கு மண்டை குடைந்தது. அவனிடமே கேட்டாள்.

பேச்சிராஜ் அண்ணாச்சியின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "மூணு மணி வரைக்கும் இருங்க மேடம். பொறவு உங்க இஷ்டம்."

சரி, பார்ப்போம் என்று குடோனைச் சுற்றி வந்தாள். நீள மேசை முன்னால் பெண்கள் வரிசையாக நின்றபடி சேலைகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலிகூட இல்லை. கூடவே வந்த அண்ணாச்சி அதைப் பெருமையாகவே சொன்னார்: "சிஸ்டம் ஓடும்போது ஒருத்தியும் உக்காரக் கூடாது. உக்காந்தா கை ஓடாதுல்லா."

மூன்று மணி. எல்லா ஸ்கிரீனிலும் 'காத்திருக்கவும்' என்று வந்தது.

பெண்கள் அப்படியே சேலைக் கட்டுகளில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவளான முத்துமாரியம்மாள் காலை நீட்டி, வீங்கிய கணுக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் தவிர, காலையில் இருந்து இப்போதுதான் அவள் உட்காருகிறாள்.

மீரா பேச்சிராஜைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சிராஜ் கீபோர்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

"பாத்தியாம்மா, எல்லாரும் தண்டமா உக்காந்திருக்காளுவ" என்றார் அண்ணாச்சி. "இதை ஒரு நிமிஷத்துல முடிக்க வழி இருக்கா, இல்லையா?"

மீரா லேப்டாப்பை மூடினாள்.

"இல்ல அண்ணாச்சி. பேச்சிராஜ் சரியாத்தான் எழுதியிருக்காரு. என்ன, மொத்தத்தையும் ஒரே நேரத்துல ஏத்துததால சிஸ்டம் திணறுது. இனிமே காலையில பதினோரு மணிக்கும் ஒரு அரை மணி நேரம் ஓட்டணும்."