சின்னக் கப்பல்

“இதுவும் வேண்டாம் வே. வேற காட்டும்.”

கோமதிசங்கர் இரண்டாவது புத்தகத்தையும் மூடினார். வழுவழுத் தாள். பக்கத்துக்குப் பக்கம் நீலக் கடல், வெள்ளைக் கப்பல், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற சனங்கள். அப்படிச் சிரிக்கிறவர்களை நம்புகிற வழக்கம் பூதலிங்கத்துக்கு இல்லை.

“அண்ணாச்சி, கொச்சியில இருந்து லட்சத்தீவு போறதுல இதுதான் நல்ல கப்பல். பதினோரு மாடி.”

“பதினோரு மாடியை வச்சு நான் என்ன, நெல்லா காயப் போடப் போறேன்?”

பாளையங்கோட்டையில் அது முன்பு அச்சகமாக இருந்த மாடிக்கடை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் செல்போனுக்குள் போனபிறகு கோமதிசங்கர் மெஷினை விற்றுவிட்டு, ரயில், விமானம், கப்பல் என்று டிக்கெட் போட உட்கார்ந்துவிட்டார்.

பூதலிங்கத்தின் மனைவி உலகம்மாள் சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. இதயம் வீங்கிப் போயிற்று, ஆபரேஷன் தாங்காது, இந்த வருஷத்தைத் தாண்டினால் பெரிசு என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன்பிறகு அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை கப்பலில் போக வேண்டும்.

“கடலைப் பாக்கணும்னா கன்னியாகுமரி பத்தாதா மதினி? ஒண்ணரை மணி நேரத்துல போயிறலாமே.”

“கடலை எங்கன இருந்தும் பாக்கலாம்” என்றாள் உலகம்மாள். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

கோமதிசங்கருக்கு என்னவோ போல இருந்தது. “விஜயஸ்ரீ இருந்திருந்தா இந்நேரம் அவளே கூட்டிட்டுப் போயிருப்பா.”

ஒரே மகள். பெங்களூருக்குப் படிக்கப் போனவள். லாரி மோதிவிட்டது, அங்கேயே எரித்தாயிற்று என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் பூதலிங்கம் ஒற்றை ஆளாக வந்து சொன்னார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இந்த அச்சகத்தில்தான் அடித்தது. கோமதிசங்கர் கூலி வாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் போயிருந்தார்.

பூதலிங்கம் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதவர் போலச் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் வகுப்புப் படிப்பு; எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

“வேற கப்பலே இல்லையா?”

“ஒண்ணு இருக்கு. உங்களுக்கு ஆகாது. சாகர மயூரின்னு சின்னக் கப்பல். பழசு.”

“தமிழ்ல எழுதிக் காட்டும்.”

கோமதிசங்கர் எழுதிக் காட்டினார். பூதலிங்கத்தின் விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதையே போடும்.”

“அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க. பெரிய கப்பல்ல ரெண்டு டாக்டர் இருக்காவ. ஆக்சிஜன் இருக்கு. இதுல ஆஸ்பத்திரின்னு பேருக்கு ஒரு ரூம்பு, ஒரே ஒரு நர்ஸு. அவ்வளவுதான்.”

“நர்ஸு கண்டிப்பா இருக்கும்லா? புத்தகத்துல போட்டுட்டு, அங்கன போனா ஆளு இல்லைன்னு சொல்லிறக் கூடாது.”

“இருக்கும். ஆனா நர்ஸை வச்சுக்கிட்டு என்ன செய்ய? கரைக்கு ஒரு ராத்திரி தூரம். மதினிக்கு நெஞ்சு வலி வந்தா?”

“நர்ஸு போதும் வே.”

“ரெண்டுக்கும் ஒரே விலைதான் அண்ணாச்சி. பிறகு எதுக்குப் பழசைப் புடிக்கீங்க?”

“நீரு டிக்கெட் போடுத ஆளா, வக்கீலா?”

கோமதிசங்கருக்குச் சுருக்கென்றது. சீக்காளிப் பெண்டாட்டியை நடுக்கடல்வரை கூட்டிப்போய், ஒற்றை ஆளாகத் திரும்பி வருகிற உத்தேசமோ? இந்த மனுசன் கல்நெஞ்சன் என்று ஊருக்கே தெரியும். மகள் காரியத்தன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

“மதினி, நீங்களாவது சொல்லுங்க.”

உலகம்மாள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “சின்னக் கப்பலே போதும்யா. அவுகளை வையாதீங்க.”

இதற்குமேல் என்ன பேச? கோமதிசங்கர் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பெயர், வயது, ஆதார் எண். தை மாசப் பயணம். கடைசியில் ஒரு கட்டம் பாக்கி.

“அவசரம்னா தகவல் சொல்ல ஒரு சொந்தக்காரங்க பேரு வேணும்.”

பூதலிங்கம் மனைவியைப் பார்த்தார். பதில் அவளிடமிருந்துதான் வந்தது.

“விஜயஸ்ரீன்னு எழுதுங்க. மக.”

பேனா நின்றுவிட்டது. நோவில் இந்த அம்மாளுக்கு நினைவும் தப்பிவிட்டதா? கோமதிசங்கர் மெல்லச் சொன்னார். “மதினி... அந்தப் போஸ்டரை நானே இந்தக் கையால...”

“நீரு அடிச்சீரு. பொய்யைச் சொன்னவன் நானு” என்றார் பூதலிங்கம். “வேற சாதிப் பயலைக் கட்டிக்கிட்டா. அவ செத்துட்டான்னு ஊருக்குச் சொன்னேன். அந்தப் போஸ்டரை எவனோ அவளுக்கே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான்.”

பையிலிருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மகளோடு படித்த தோழி யாரோ எழுதிக் கொடுத்தது. ‘விஜயஸ்ரீ, நர்ஸ், சாகர மயூரி.’

“அவ வீட்டு வாசல்ல மூணு தடவை போய் நின்னோம், கதவைத் தொறக்கல. கப்பல்ல இவ நெஞ்சு வலின்னு போய்த் தட்டுனா, நர்ஸு தொறந்துதான வே ஆகணும்?”