பழைய வெர்ஷனே போதும்

சைரன் மறுபடியும் அலறியது. குளிர்பதனக் கிடங்கில் ஒருவரும் ஓடவில்லை; வாசலில் கூடி நின்று சிரித்தார்கள்.

“அக்கா, உன் கம்ப்யூட்டருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல போல” என்றான் தம்பி. கிடங்குக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். புரோகிராமர் அக்காவுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே அவன்தான்.

அவளுக்கு முகம் சிறுத்துப் போனது. பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டிருந்தது. குளிரூட்டும் வாயுவின் கசிவை அளந்து சைரனை அடிக்க வைக்கும் ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன புரோகிராம் மட்டும் தப்பியிருந்தது. அதைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அது எழுதப்பட்ட கணினி மொழியின் புது வெர்ஷனில் ஓட விட்டதிலிருந்துதான் இந்தக் கூத்து. பழைய பெட்டி இருந்தவரை சுவர் போர்டில் எப்போதும் பூஜ்யம்தான். பின்னமாகக்கூட எதுவும் காட்டியதில்லை, சைரனும் வாயைத் திறந்ததில்லை என்றார்கள்.

மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று பேசினார். அவருக்குக் குளிர் ஆகாதாம். கிடங்குக்குள் அவர் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. மதியம் பாதுகாப்பு அதிகாரி வருகிறார், சைரன் கத்தினால் கிடங்கையே இழுத்து மூடிவிடுவார் என்றார். பழைய வெர்ஷனையே புது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஏற்றியாக வேண்டும்.

பழைய வெர்ஷனை இப்போது யாரும் கவனிப்பதில்லை, புது சிஸ்டம் அதை உள்ளேயே விடாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“எப்படியாவது ஏத்திக் கொடும்மா. பழசுன்னா சத்தம் போடாம வேலை பார்க்கும்.”

உட்கார்ந்துவிட்டாள். மொழியின் பழைய வெர்ஷனுக்கான மூல நிரலைத் தேடி இறக்கினாள். புது சிஸ்டம் அதைத் திரும்பத் திரும்பத் துப்பியது. கேட்ட இடத்தில் ஒட்டுப்போட்டு, இல்லாததை இட்டு நிரப்பி, மதியச் சாப்பாட்டையும் மறந்து மல்லுக்கட்டினாள். கடைசியில் அது பணிந்தது.

போர்டில் பூஜ்யம். சைரன் கப்சிப்.

மேனேஜர் கைதட்டினார். எல்லாரும் உள்ளே கிளம்பினார்கள். தம்பி மட்டும் கொட்டாவி விட்டபடி நின்றான்.

“உள்ள போனாலே தூக்கமா வருதுக்கா. தலை வேற விண்ணுனு தெறிக்குது.”

உண்ட மயக்கம் என்று மேனேஜர் சிரித்து அவன் முதுகில் தட்டினார். கனத்த இரும்புக் கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது.

ஏற்றியது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, அவள் சின்னச் சின்னக் கணக்குகளைக் கொடுத்தாள். கூட்டல் சரி. கழித்தல் சரி. ஒன்பதைப் பத்தால் வகுக்கச் சொன்னாள்.

பூஜ்யம் என்றது.

தன் ஒட்டுவேலையில்தான் பிசகு என்று முதலில் பதறினாள். அப்புறம்தான் உறைத்தது. பிசகே இல்லை. பழைய வெர்ஷனின் பழக்கமே அது. முழு எண்களை வகுத்தால் பின்னத்தை விழுங்கிவிடும். எத்தனையோ இடத்தில் பார்த்தது, இன்றைய அவசரத்தில் மறந்து தொலைத்திருந்தாள்.

ஸ்கிரிப்டைத் திறந்தாள். கசிவின் அளவை ஆயிரத்தால் வகுத்து, விடை அரையைத் தாண்டினால் சைரன். அளவு ஆயிரத்தைத் தொடும்வரை பழைய வெர்ஷன் பூஜ்யமே சொல்லும். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே மூச்சுவிட ஆள் இருக்காது.

இந்த நிமிஷத்தின் அளவைப் பார்த்தாள். எண்ணூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மணமில்லாத, நிறமில்லாத வாயு.

மேனேஜர் அறைக்கு ஓடினாள். அதிகாரி அப்போதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், காலையில சைரன் அடிச்சது நிஜம். பழைய வெர்ஷன்தான் தப்பு. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. என் தம்பி உள்ள இருக்கான் சார்.”

அவர் டம்ளரை நிதானமாக வைத்தார். எழுந்து வந்து, அவளுக்குப் பின்னால் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“தப்புன்னு தெரிஞ்சுதானேம்மா அதையே கேட்டேன்.”