சோப்பு நுரை

முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டம் காஞ்சிபுரம் கடைத்தெருவை அடைத்திருந்தது. வீரபாகுவின் சோடா மெஷினிலோ காலையிலிருந்து காஸ் ஒழுகியது. உள்ளிருந்து பன்னீர்ப் புகையிலை வாடை வேறு.

“நீங்க போடுறதுதானேண்ணா?” என்றான் மெக்கானிக் ஆதிகேசவன்.

“என் வாய்ல இருக்குது. மெஷின்ல எப்படிப்பா வரும்?”

ஒழுகும் இடம் தெரிய, ஆதிகேசவன் மெஷின் முழுக்க சோப்பு நுரை தடவினான். ஒரு நட்டின் மேல் மட்டும் நுரை உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. காஸ் சிலிண்டரைக் கழற்றிக் கீழே வைத்தான். உள்ளே துளி காஸ் கிடையாது; அப்போதும் நுரை உப்பி உப்பி அடங்கியது.

ஸ்பேனரால் இறுக்கினான். நுரை நின்றது.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. வீரபாகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“லூசு பண்ணுபா. மூச்சு முட்டுது.”

தளர்த்தினான். நுரை மெல்ல உப்பியது.

வீரபாகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒழுவட்டும், வுடுபா.”