அம்பு ஒட்டும் அக்கா

மாமனார் சாமுவேல் கழுத்தில் மஃப்ளரோடு வந்து உட்கார்ந்ததுமே ஷர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்பூர் வெயில் மண்டையைப் பிளக்கிற சித்திரை மாதம். வேர்த்து ஊற்றுகிறது. மனிதர் கழற்றுவேனா என்கிறார்.

"மாமா, இந்த வெயில்ல இன்னா மஃப்ளரு? வேர்க்குரு வரப்போவுது."

"என் சின்ன மருமக கையால போட்டதும்மா. வந்தா வரட்டும்."

சின்ன மருமகள் ஜாஸ்மின் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கையில் உல்லன் நூல்தான். மாமியார் செண்பகத்துக்குச் சால்வை. பக்கத்து வீட்டு அஃப்ஷாவின் கைக்குழந்தைக்குக்கூடக் குல்லா. அவ்வளவு ஏன், ஷர்மிளாவின் புருஷன் டேனியலுக்கே ஒரு ஸ்வெட்டர்.

ஷர்மிளாவுக்கு மட்டும் ஒரு முழ நூல்கூட இல்லை.

வருஷக்கணக்காக இந்த வீட்டுக்கு வடித்துக் கொட்டிவிட்டு ஷூ கம்பெனிக்கு ஓடுகிறவள் அவள். "நல்லா இருக்கும்மா" என்று மாமியார் ஒரு வாய் சொன்னதுண்டா? நேற்று வந்தவள் நாலு முடிச்சுப் போட்டால் வீடே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. பொறாமையில் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரிச்சலைத் தணித்துக்கொள்ள அவளிடம் ஒரு வழி இருந்தது.

கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஷூவில் தையல் பிசகியிருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு விழுந்த ஷூ, தைத்தவரிடமே திரும்பிப் போய்விடும்.

அந்த ஸ்டிக்கர் கொஞ்சம் அவள் பையில் எப்போதும் இருக்கும். ஜாஸ்மின் எதைப் பின்னி முடித்தாலும் வாங்கிப் பார்ப்பாள்.

"இங்க ஒரு கண்ணி லூஸு." ஓர் அம்பு. "இங்க ஓரம் இழுக்குது." இன்னோர் அம்பு. "எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்தான்!"

"ஏம்மா ஷர்மி, ஆசையா போட்டிருக்குது பொண்ணு..." என்பாள் மாமியார்.

"உள்ளதச் சொன்னேன் அத்தை."

ஜாஸ்மின் முகம் சுண்டிப் போகும். ஷர்மிளாவுக்கு அன்றைக்குச் சோறு கொஞ்சம் ஜாஸ்தியாகவே இறங்கும்.

ஒன்றை மட்டும் ஜாஸ்மின் அவளிடம் காட்டவே இல்லை. கிளிப்பச்சையில் ஒரு ஸ்வெட்டர். பொங்கலிலிருந்தே ஷர்மிளா பார்க்கிறாள். பாதி வரும், பிரித்துவிடுவாள். மறுபடி ஆரம்பிப்பாள். ஷர்மிளா தலை தெரிந்தால் அது பைக்குள் போய்விடும்.

டிசம்பர் பிறந்தது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்த ஷர்மிளா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கண்ணாடி முன்னால், பச்சை ஸ்வெட்டரில் மாமியார்!

"கை நீளம் கரெக்டா இருக்குது ஜாஸ்மின். கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சிடு."

சால்வை போதாதென்று ஸ்வெட்டருமா? விடிகாலைப் பனியில், புருஷனின் பழைய சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவள் ஷர்மிளா. போர்வையை விட்டு வெளியே வராத மாமியாருக்கு ஒன்றுக்கு ரெண்டு!

மறுநாள் ஜாஸ்மின் குளிக்கப் போன நேரம். ஷர்மிளா பையிலிருந்து ஸ்வெட்டரை உருவினாள். பிசிறு நறுக்கும் சின்னக் கத்தரியை எடுத்தாள். முதுகுப் பக்கம் நட்டநடுவில் ஒரே வெட்டு. இரண்டு பக்கமும் இழுத்துவிட்டதும் கண்ணிகள் பொலபொலவென்று அவிழ்ந்தன.

சாயங்காலம் மாமியார் ஒரே புலம்பல்.

"எலி கடிச்சிட்டுதாம் ஷர்மி. பாவம் அந்தப் பொண்ணு. முதுகு மொத்தத்தையும் பிரிச்சிக்கினு உக்காந்திருக்குது."

"ஐயோ, பேஜாராப் போச்சே!" என்றாள் ஷர்மிளா. உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

கிறிஸ்மஸ் காலை. எல்லோரும் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்மின் பச்சை ஸ்வெட்டரோடு வந்தாள். மாமியாரைத் தாண்டி வந்து ஷர்மிளாவிடம் நீட்டினாள்.

"போட்டுப் பாருங்கக்கா."

"எனக்கா? இது அத்தைக்கு இல்ல?"

"எனக்கு எதுக்கும்மா?" மாமியார் சிரித்தாள். "உனக்கும் எனக்கும் ஒரே அளவுன்னு என்னை நிக்கவச்சி அளவு பார்த்துது. விடிகாலைல நீ பனியில நிக்கிறியேன்னு, வந்ததும் உனக்குத்தான் மொதல்ல ஆரம்பிச்சுது. எங்களுக்குப் போட்டதுல நீ அம்பு ஒட்டுவ இல்ல? உடனே ஓடிப்போய் உன்னுதுலயும் அந்தத் தப்பு இருக்குதான்னு பார்க்கும். இருந்தா பிரிச்சிடும். செக்கிங் அக்காவுக்குக் குடுக்கறது ஒரே தடவைல பாஸாவணுமாம்!"

ஷர்மிளாவின் கை தானாக ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் போனது. தடவித் தடவிப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட அடையாளம் எங்குமில்லை. முதுகு முழுவதையும் ஜாஸ்மின் புதிதாகவே பின்னியிருந்தாள்.

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

ஜாஸ்மின் ஸ்வெட்டரை ஷர்மிளாவுக்கு மாட்டிவிட்டாள். தோளைச் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"எலி கடிச்சா நூலு அவ்ளோ நேரா அறுபடாதுக்கா. அத்தைக்கு அது தெரியாது... எலியாவே இருக்கட்டும்."